வெறும் வண்டி

பம்மத்தில் எங்கள் ஷெட்.
மேசையில் ரெண்டு விலைச்சீட்டு,
பறக்காமலிருக்க மேலே ஒரு ஸ்பேனர்.
ஒன்றில் பின்சக்கரம் மட்டும் இழுக்கும்,
மற்றதில் நாலும்.
நடுவே மூன்று லட்சத்து எண்பதாயிரம்,
வட்டி தனி.

ஓட்டுகிறவன் லிபின். அவனுக்கு நாலுதான் வேணும்.
'போன ஆனியில பேச்சிப்பாறையில நான் பட்ட பாடு
உனக்குத் தெரியாதுல்லா?'
தெரியும். டீசலுக்குப் பணம் எண்ணியவள் நான்.
ரப்பர் ஷீட் ஏற்றிய டெம்போ ஒன்று
கவிழவும் மனமில்லாமல் சரிவில் சாய்ந்து கிடக்க,
அதை எடுக்கப் போன எங்கள் வண்டியை
எடுக்க வந்தது எஸ்டேட் டிராக்டர்.
டெம்போக்காரர் தந்த கூலி
என் கையில் சூடு ஆறுமுன்பே
டிராக்டர்காரர் பைக்குப் போனது.

நோட்டைப் புரட்டினேன்.
ஒரு வருசம். இருநூற்றுப் பதினெட்டு அழைப்பு.
தக்கலை இறக்கத்தில் கிளட்ச் போன ஆம்னி.
களியக்காவிளையில் மூச்சு நின்ற மீன்லாரி,
அதன் ஐஸ்தண்ணீர் என் செருப்புவரை.
மேம்பாலத்து நடுவில் கல்யாணக் கார்:
இறங்க மாட்டேன் என்ற மணப்பெண்
சர்ச் நடைவரைக்கும் கொக்கியிலேயே வந்தாள்,
பூச்செண்டு மடியில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல்.
எல்லாம் தார் ரோடு. எல்லாவற்றுக்கும் ரெண்டு போதும்.
சேறு, சரல், மணல், எல்லாம் கூட்டினாலும் ஒன்பது.
இந்த ஒன்பதுக்காக
மிச்ச இருநூற்று ஒன்பதும் வட்டி கட்டணுமா?

மெக்கானிக் ஜாண்றோஸ் அண்ணன்
டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:
'கொக்கியில பாரம் ஏறினா பின்சக்கரம் தரையைக் கடிக்கும்.
முன்சக்கரம் லேசாவும், ஸ்டியரிங் பொய் சொல்லும்.
லேசான காலுக்கு இழுவை குடுத்து என்ன காரியம்?
வழுக்குறது திரும்பி வரும்போ இல்ல பிள்ளே.
வெறும் வண்டியா போகும்போ.'
கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு,
'நிறுத்துறதுக்கு எல்லா வண்டிக்கும் நாலுதான், கேட்டியா'
என்று நடந்தார்.

வெறும் வண்டியாய்ப் போகும்போது.
அதை நோட்டின் பின்னட்டையில் எழுதி வைத்தேன்.
ராத்திரி ரெண்டு மணிக்குப் போன் அடித்து எழும்பிப் போகிறோமே,
பின்னால் ஒன்றுமில்லாமல் கொக்கி மட்டும் கிலுங்க,
அது எந்தக் கணக்கிலும் இதுவரை ஏறியதில்லை.

ரெண்டுதான் எடுத்தேன்.
மிச்சத்தில் ஒரு விஞ்ச், அறுபது மீட்டர் கம்பிவடம்.
லிபின் மூன்று நாள் பேசவில்லை.
சாவியை வைக்க மாட்டான், எறிவான்.

ஐப்பசி. முட்டம் கடப்புறம்.
கடல் பார்க்க மணலில் இறக்கிய வெள்ளைக் கார்
அச்சுவரை புதைந்து நிற்கிறது.
ஒவ்வொரு அலையும் பின்கதவைத் தட்டிப் பார்த்துப் போகிறது.
எங்கள் வண்டி ரோட்டு விளிம்பில் நின்று
இருந்த இடத்திலிருந்தே கை நீட்டியது.
அறுபது மீட்டரும் தீர்ந்தது.
காருக்கு இன்னும் ஆறு மீட்டர்.

லிபின் என்னைப் பார்க்கவில்லை.
பார்த்துத் திட்டியிருக்கலாம்.
நாலு இருந்திருந்தால் இறக்கியிருப்பான்.
இறக்கியிருந்தால் கார் ஏறியிருக்குமோ,
ரெண்டுமாய்ச் சேர்ந்து புதைந்திருக்குமோ,
அதற்கு என் நோட்டில் பக்கம் இல்லை.

கரமடிக் கயிறைத் தோளில் சுற்றி ஒருவர் வந்தார்.
பெயர் சூசைநாயகம். வேறொன்றும் சொல்லவில்லை,
கயிறை நாலாய் மடித்து முடிச்சுப் போட்டார்.
'எல்லாரும் மாறி நில்லுங்கோ, அறுந்தா ஆளை வெட்டும்.'
லிபின்தான். மூன்று நாளில் முதல் பேச்சு.
விஞ்ச் முனகியது. பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த கல் நெரிந்தது.
கார் ஒரு ஜாண் வந்தது, ஒரு முழம் வந்தது,
பிறகு மணலுக்கே சலித்துப்போனதுபோல
மொத்தமாய் வந்தது.

பணம் அனுப்பிவிட்டு கார்க்காரர் கேட்டார்,
'இது ஃபோர் வீலா?'
'இல்ல' என்றேன்.
'ஆமா' என்றான் லிபின், அதே நேரம்.

ஷெட்டுக்கு வந்து நோட்டில் எழுதினேன்:
மணல், பத்தாவது.
சூசைநாயகத்துக்கு ஐந்நூறு. வாங்கவில்லை.
பத்து மீட்டர் கயிறு வாங்கணும்.